வாய் திறந்தால் காதருகே ‘டக்’ சத்தம்: தாடை மூட்டு தேய்கிறதா?

மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 27, நண்டு கம்பெனியில் சதை எடுக்கும் வேலை. ஒரு வருடமாக வாயைத் திறக்கும்போது வலது காதுக்கு முன்னால் ‘டக்’ என்று சத்தம் வருகிறது. இரண்டு மாதமாகக் காலையில் எழுந்தால் கன்னமும் நெற்றிப்பொட்டும் வலிக்கின்றன. காது டாக்டர் பார்த்துவிட்டுக் காதில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். ஒரு பல் மருத்துவர், மேல்பல்லும் கீழ்பல்லும் பொருந்தும் கடி சரியில்லை, பல்லை ராவிச் சமப்படுத்த வேண்டும், விட்டால் மூட்டு தேய்ந்து வாய் பூட்டிக்கொள்ளும் என்கிறார். வீட்டில் சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போகப் பார்க்கிறார்கள். கடைசியில், ஆபரேஷன் வரைக்கும் போகுமா என்று கேட்டு முடித்திருக்கிறார். கேள்வி பல திசையில் போனாலும் அவருடைய பயம் தெளிவாகத் தெரிகிறது. இந்தச் சத்தம் வரப்போகிற பெரிய கேட்டுக்கு அறிகுறியா, இப்போதே காசைப் போட்டுத் தடுத்தாக வேண்டுமா என்பதுதான் அது.

நான் பல் மருத்துவம் முடித்து, முகத்தாடை அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு படித்தவன். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வருபவர்களை நெடுங்காலமாகப் பார்த்துவருகிறேன். சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தம் மட்டும் நோய் இல்லை. உங்கள் வலி பெரும்பாலும் மூட்டைவிடத் தசையிலிருந்து வருவதாகவே தெரிகிறது. பல்லை ராவ வேண்டாம். ஆபரேஷன் பேச்சே இப்போது தேவையில்லை. ஆனால் வாயை விரலால் அளந்து பார்க்காமல், கன்னத்தைத் தொட்டுப் பார்க்காமல் எழுத்தில் சொல்லக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை எங்கே வருகிறது என்பதையும் போகப்போகச் சொல்கிறேன்.

மூட்டு எங்கே இருக்கிறது என்று உங்கள் விரலாலேயே கண்டுபிடித்துவிடலாம். காதுத் துளைக்கு முன்னால் ஒரு சின்ன மடல் இருக்கிறதல்லவா, அதற்கும் கொஞ்சம் முன்னால் இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஓர் எலும்பு உருண்டு முன்னால் போய்த் திரும்பி வரும். அது கீழ்த்தாடை எலும்பின் மேல்முனைக் குமிழ். அந்தக் குமிழ் உட்காரும் குழி, மண்டையோட்டின் பொட்டெலும்பில் இருக்கிறது. குழிக்கு முன்னால் சரிவான ஒரு மேடு. குழிக்குச் சற்றுப் பின்னாலேயே காதுக் குழாய். இரண்டுக்கும் நடுவே மெல்லிய சுவர்தான். இந்த மூட்டுக்கும் காதின் முன்பகுதிக்கும் உணர்வு கொண்டுபோவதும் ஒரே நரம்பு. மூட்டு வலியைக் காது வலி என்று நினைத்துச் சூடான எண்ணெய் விட்டுக்கொண்டு வருபவர்கள் இங்கே ஏராளம். தயவுசெய்து காதில் எதையும் ஊற்றாதீர்கள். காதில் கோளாறு இல்லை என்று உங்கள் காது டாக்டர் சொன்னது பாதிப் பதில். மீதிப் பாதிக்கு அவர் உங்களை வேறிடம் அனுப்பியிருக்கலாம்.

குமிழுக்கும் குழிக்கும் நடுவில் ஒரு வட்டு இருக்கிறது. நடுவில் மெலிந்து, முன்னும் பின்னும் தடித்த, கெட்டியான நார்த்திசு. இந்த வட்டு மூட்டை மேல் அறை, கீழ் அறை என்று இரண்டாகப் பிரிக்கிறது. வாயைக் கொஞ்சமாகத் திறக்கும்போது கீழ் அறையில் குமிழ் நின்ற இடத்திலேயே சுழலும். சுமார் 20, 25 மில்லிமீட்டர் வரை பெரும்பாலும் இந்தச் சுழற்சியே போதும். அதற்குமேல் திறக்க வேண்டுமென்றால் குமிழும் வட்டும் சேர்ந்து அந்த மேட்டின் சரிவில் முன்னால் வழுக்கிக் கீழே இறங்க வேண்டும். முழங்கை, முழங்கால் மூட்டுகளில் இந்த அளவு இடப்பெயர்ச்சி கிடையாது. இன்னொரு விசேஷம், இங்கே எலும்பு முனைகளை மூடியிருப்பது மற்ற பெரும்பாலான மூட்டுகளில் இருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு அல்ல, நார் கலந்த குருத்தெலும்பு. இது தேய்மானத்தைக் கூடுதலாகத் தாங்கும், பழுதுபட்டால் தன்னைச் சரிசெய்துகொள்ளும் திறனும் அதிகம். ‘மூட்டு தேய்ந்துவிடும்’ என்று யாராவது பயமுறுத்தினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்த்தாடை ஒரே எலும்பு, இரண்டு முனையிலும் மூட்டு. இரண்டு கயிற்றில் தொங்கும் ஊஞ்சல் பலகையில் ஒரு கயிறு சிக்கினால் பலகை கோணிக்கொண்டு ஆடுவது போல, ஒரு பக்க மூட்டு தடைப்பட்டால் வாய் அந்தப் பக்கமாகக் கோணித் திறக்கும். கண்ணாடி முன் நின்று வாயை மெதுவாகத் திறந்து, கீழ்முன்பல் நடுக்கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நேராகத் திறந்தால் நல்லது. வழியில் ஒரு பக்கம் வளைந்து கடைசியில் நடுவுக்கு வந்துவிட்டால் அது சத்தம் வரும் மூட்டின் வழக்கமான போக்கு. கடைசி வரை ஒரு பக்கமே போய் நின்றுவிட்டால்தான் யாரிடமாவது காட்ட வேண்டும்.

சத்தம் எப்படி வருகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். பலருக்கு அந்த வட்டு, குமிழின் தலையிலிருந்து கொஞ்சம் முன்னால் நழுவி உட்கார்ந்திருக்கும். வாய் திறக்கும்போது முன்னால் வரும் குமிழ், வட்டின் தடித்த பின்விளிம்பைத் தாண்டி அதன் நடுவில் போய் உட்காரும். அந்தத் தாண்டல்தான் ‘டக்’. மூடும்போது வட்டு மறுபடி நழுவினால் மெல்லிய இன்னொரு ‘டக்’ கேட்கும். பொதுமக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு வயதில் இப்படிச் சத்தம் இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தாலும் மூன்றில் ஒருவருக்கு வட்டு நழுவியிருப்பது தெரிகிறது. அப்படியானால் வட்டு நழுவுவதைச் சிலருடைய உடலின் இயல்பு என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். வலி இல்லாத சத்தத்துக்கு வைத்தியம் கிடையாது, தேவையும் இல்லை. ‘டக்’ இல்லாமல் ‘நறநற’ என்று மணல் அரைபடுவது போலக் கேட்டால் அது வேறு. மூட்டின் பரப்பு சொரசொரப்பாகியிருக்கிறது என்று பொருள். வயதானவர்களிடமும் முடக்குவாதம் உள்ளவர்களிடமும் பார்க்கிறோம். அதுவும்கூட அநேகமாகக் கொஞ்ச காலம் வலித்துவிட்டுத் தானாக அடங்கிவிடுகிறது.

சரி, அப்படியென்றால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது? காலையில் எழுந்ததும் வலி, கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். அவை மெல்லும் தசைகள் இருக்கும் இடங்கள். பல்லைக் கடித்துப் பாருங்கள். தாடைக் கோணத்துக்கு மேலே கன்னத்தில் ஒன்று புடைக்கும், நெற்றிப்பொட்டில் விசிறி போல இன்னொன்று. உடம்பின் அளவுக்குப் பார்த்தால் இவை பலமான தசைகள். இவற்றை ஓய்வில்லாமல் இறுக்கி வைத்திருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? மேல்பல்லும் கீழ்பல்லும் மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டும்தான் தொட வேண்டும். மற்ற நேரமெல்லாம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இதைச் சொன்னால் நம்பாதவர்களே அதிகம். உதட்டை மூடினால் பல்லும் மூட வேண்டும் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தூக்கத்தில் பல் நறநறவென்று கடிப்பவர்கள் ஒரு வகை. பகலில் தன்னை அறியாமல் கடித்துப் பிடித்துக்கொண்டே வேலை செய்பவர்கள் இன்னொரு வகை. என் அனுபவத்தில் இரண்டாவது வகைதான் வலியோடு அதிகம் வருகிறார்கள்.

இந்தக் கடற்கரையில் அதற்கு வாய்ப்பும் நிறைய. வலை கட்டுபவர்கள் தங்கூசி நூலைப் பல்லால் இழுத்து முடிச்சை இறுக்குகிறார்கள், பல்லாலேயே அறுக்கிறார்கள். கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்கள் காற்றுக்குழாயின் வாய்ப்பிடியை நீருக்கடியில் நெடுநேரம் கவ்விப் பிடிக்கிறார்கள். மேலே வந்ததும் காதுக்கு முன்னால் வலி. அழுத்தத்தால் செவிப்பறை போய்விட்டதோ என்று பதறிக்கொண்டு வருவார்கள். காதைக் கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் காது நன்றாக இருந்து, கன்னத்தை அழுத்தினால் வலிக்கிறது என்றால் காரணம் கவ்விய வாய்ப்பிடிதான். மூக்கைப் பிடித்து மூச்சடக்கிக் கடல்பாசி எடுக்கும் பெண்களும் மூழ்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வதைச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வேலையில் கண்ணும் கையும் நண்டிலேயே இருக்கும், தலை குனிந்தே இருக்கும். எடைக்கணக்கில் கூலி என்றால் அவசரமும் சேரும். அந்த நேரத்தில் பல் என்ன செய்கிறது என்று நாளைக்கு ஒருமுறை கவனித்துப் பாருங்கள். குனிந்த கழுத்தே தாடை வலிக்குக் காரணம் என்று உறுதியாகப் பேசுபவர்கள் உண்டு. அதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. கவலை, தூக்கக் குறைவு இரண்டும் வலியைக் கூட்டும் என்பதற்கு மட்டும் ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. இந்த வலியோடு சிகிச்சைக்கு வருபவர்களில் 20 முதல் 40 வயதுப் பெண்களே அதிகம் என்பதும் உறுதி. ஏன் என்று கேட்டால் ஹார்மோன் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள், முடிவான விடை யாரிடமும் இல்லை.

இப்போது உங்களைப் பயமுறுத்திய ‘பூட்டிக்கொள்ளும்’ விஷயம். அப்படி ஒரு நிலை இருப்பது உண்மைதான். நழுவிய வட்டு ஒருநாள் திரும்ப உட்காராமலே நின்றுவிடும். அதுவரை இருந்த சத்தம் திடீரென்று நின்றுபோகும், வாய் 25, 30 மில்லிமீட்டருக்குமேல் திறக்காது, திறக்கும்போது வலிக்கும் பக்கமே கோணும். சத்தம் உள்ளவர்களில் சிறு பகுதியினருக்கே இது வருகிறது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி கிடையாது. பல்லை ராவினால் வராது என்பதற்கும் ஆதாரம் கிடையாது. அதைவிட முக்கியம், வந்தாலும் அது முடிவில்லை. வட்டுக்குப் பின்னால் இருக்கும் மென்திசு மாதங்கள் போகப்போகத் தடித்து, தானே வட்டு போல வேலை செய்யப் பழகிவிடுகிறது. வாய் மெதுவாக மறுபடி திறக்கிறது. இப்படிப் பூட்டிய 106 பேரை அமெரிக்காவில் நான்கு குழுவாகப் பிரித்து, மருந்தும் ஆலோசனையும் மட்டும், உடற்பயிற்சியோடு கூடிய மறுவாழ்வுச் சிகிச்சை, மூட்டுக்குள் கருவி விட்டுச் செய்யும் அறுவை, திறந்து செய்யும் அறுவை என்று நான்கு வகையாகச் சிகிச்சை கொடுத்து 5 வருடம் கவனித்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. நான்கு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. கத்தியை எடுக்கும் தொழிலில் இருந்துகொண்டு நான் இதைச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் நான் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முறையை அந்த ஆய்வு மாற்றியது.

அப்படியும் வலி தாளாமல், வாய் திறக்காமல் வாரக்கணக்கில் கஷ்டப்படுபவர்களுக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு, மேல் அறைக்குள் இரண்டு ஊசிகளைச் செலுத்தி, ஒன்றில் உப்புநீரை விட்டு மற்றொன்றில் வெளியேற்றி மூட்டைக் கழுவுவது. இஸ்ரேலைச் சேர்ந்த டோரிட் நிட்சான் குழுவினர் 1991இல் இதை எழுதினார்கள். தையல் இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். வட்டு பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை, ஆனாலும் பலருக்கு வாய் திறக்கிறது. வட்டின் இடத்தைத் திருத்துவதே சிகிச்சை என்ற பழைய எண்ணம் ஆட்டம் கண்டதற்கு இதுவும் ஒரு காரணம். உங்களுக்கு இப்போது இதெல்லாம் தேவையில்லை, இருக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கு நேர்மாறாக, திறந்த வாய் மூட முடியாமல் நின்றுபோவதும் உண்டு. பெரிதாகக் கொட்டாவி விடும்போது குமிழ் மேட்டைத் தாண்டி முன்னால் போய் மாட்டிக்கொள்கிறது. பேச முடியாது, எச்சில் ஒழுகும், பார்க்கிறவர்களுக்கும் பயமாக இருக்கும். கன்னத்தில் அறைந்தால் சரியாகும் என்று அறைந்து, வலியோடு கூட்டிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தெரிந்தவர் கட்டைவிரலில் துணி சுற்றி, கீழ்த்தாடையின் கடைவாய்ப் பக்கம் வைத்து, முதலில் கீழே அழுத்திப் பின்னால் தள்ளுவார், சட்டென்று உள்ளே போய்விடும். நேரம் ஆக ஆகத் தசை இறுகி வேலை கடினமாகும். அப்புறம் இரண்டு மூன்று வாரம் கொட்டாவி வரும்போது நாடியை, அதாவது முகவாயை, கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோக்ளோபிரமைடு, சில மனநல மருந்துகள் இவற்றால் தாடையும் கழுத்தும் இழுத்துக்கொள்வது பார்வைக்கு இதே போல இருக்கும். அதற்கு மருத்துவர் போடும் ஓர் ஊசியே போதும், இழுத்துப் பிடித்துச் சரிசெய்யக் கூடாது. என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

வாய் திறக்காத எல்லாமே மூட்டுக் கோளாறு இல்லை. எழுத்தில் நான் சொல்வதற்கு எல்லை வருவது இங்கேதான். உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் வையுங்கள். மூன்றும் போனால் சுமார் 40 மில்லிமீட்டர், அது சாதாரணம். இரண்டே விரல்தான் போகிறது, அதுவும் வலியில்லாமல் மெல்ல மெல்லக் குறைந்து வந்திருக்கிறது, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உள்பக்கம் வெளிறி நாராகக் கெட்டிப்பட்டிருக்கிறது என்றால் அது மூட்டு அல்ல. பாக்கு போடுவதால் வரும் வாய்த்தோல் இறுக்கம். இரவுத் தொழிலுக்குப் போகும்போது தூக்கம் வராமலிருக்கப் பாக்கும் பொட்டலங்களும் போடும் படகுத் தொழிலாளர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன், சின்ன வயதுப் பையன்களிடமும். இறுகிய தோல் பழையபடி ஆவதில்லை, புற்றுநோயாக மாறவும் கூடும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியிருக்கிறது. நீங்கள் பாக்கு போடுவதாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பதிலைப் படிக்கும் வேறு யாருக்காவது இது பொருந்தலாம்.

கடைவாயில் ஞானப்பல் பாதி முளைத்து ஈறு சீழ்பிடித்தாலும் வாய் திறக்காது. காய்ச்சலும், விழுங்கும்போது வலியும் கூட இருக்கும். அதுவும் விரைவாகப் பார்க்க வேண்டியது. இன்னொன்று, கடற்கரையில் கட்டாயம் சொல்ல வேண்டியது. திருக்கை முள் குத்தியோ, துருப்பிடித்த தூண்டில் முள் ஏறியோ, சிப்பி கிழித்தோ காயம்பட்டுச் சில நாள் முதல் மூன்று வாரத்துக்குள் தாடை இறுகத் தொடங்கினால் அது டெட்டனஸாக இருக்கலாம். தாடை இறுக்கம் அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. ஐம்பதைத் தாண்டியவருக்கு நடந்தாலோ படகு தள்ளினாலோ கீழ்த்தாடையில் வலி வந்து, நின்றால் தணிகிறது என்றால் இதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரிவது வீண். அதே வயதில் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் தடித்து வலித்து, மெல்லும்போது தாடை சோர்ந்து, பார்வையும் மங்கினால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் பார்வையே போய்விடும் என்பதால் அன்றே காட்ட வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் அதிகமாகவே பயப்படுகிறேன். சைக்கிளிலிருந்தோ, கரையில் ஏற்றி வைத்த படகிலிருந்தோ குழந்தை நாடி மோத விழுகிறது. நாடியில் கிழிந்த காயத்துக்குத் தையல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அடியின் வேகம் தாடை வழியாக மேலேறிக் குமிழை உடைத்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை. சில மாதம், சில வருடம் கழித்துக் குமிழும் குழியும் எலும்பாகவே ஒட்டிக்கொள்கின்றன. வாயில் ஒரு விரல்கூடப் போகாது. கீழ்த்தாடை வளராமல் நாடி உள்ளே போகும், தூக்கத்தில் மூச்சு அடைக்கும். காதில் சீழ் பிடித்துச் சரியாகக் கவனிக்காமல் விட்டாலும் இப்படி ஆவதுண்டு. இது ஒன்றுக்குத்தான் அறுவை சிகிச்சை தவிர வேறு வழியில்லை, அதுவும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது. நாடியில் அடிபட்ட குழந்தைக்குக் காதுக்கு முன்னால் வீக்கம், காதில் ரத்தம், வாய் கோணித் திறப்பது, பல் முன்போலப் பொருந்தாதது இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வலிக்கிறதே என்று வாயை அசைக்காமல் வைத்திருப்பதுதான் ஒட்டிக்கொள்வதற்கு வழி விடுகிறது.

பல்லை ராவும் யோசனைக்கு வருகிறேன். அதைச் சொன்ன மருத்துவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன், அவர் படித்தது அப்படி இருக்கலாம். 1934இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மருத்துவர், கடைவாய்ப்பல் போய்க் கடி தாழ்ந்துபோனால் குமிழ் பின்னால் போய் அழுத்தி, காதுவலி, தலைச்சுற்றல் எல்லாம் வருகின்றன என்று எழுதினார். அவர் சொன்ன உடற்கூற்று விளக்கம் பிற்பாடு தவறென்று தெரிந்துவிட்டது. ஆனால் கடிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற எண்ணம் மட்டும் பல் மருத்துவத்தில் தலைமுறைகளாகத் தங்கிவிட்டது. கடி கோணலாக இருந்தும் ஒரு நாளும் வலிக்காதவர்கள் எண்ணற்றவர்கள், அழகான கடி இருந்தும் அவதிப்படுபவர்களும் அப்படியே. ராவிய எனாமல் திரும்ப வளராது. பலருக்கு ராவிய பிறகு கடியின் மேலேயே கவனம் போய், எங்கே தட்டுகிறது என்று நாள் முழுவதும் பல்லைத் தட்டிப் பார்த்து வலி கூடிவிடுகிறது. 1980களில் அமெரிக்காவில் வட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கை வட்டு வைத்தார்கள். அது சிதைந்து எலும்பையே அரித்ததால், 1990களின் தொடக்கத்தில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. திருப்பிச் சரிசெய்ய முடியாத எதையும் முதலில் செய்யாதே என்பது இந்தத் துறை மிகவும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

இரவில் போட்டுக்கொள்ளும் கெட்டியான அக்ரிலிக் தகடு பற்றியும் யாராவது சொல்வார்கள். பல் தேயாமல் அது காக்கும், அதில் சந்தேகமில்லை. வலியைக் குறைக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. காலை வலி அதிகம் என்பதால் உங்களுக்கு ஒருவேளை உதவலாம். முதல் ஆறு வாரம் வீட்டு வைத்தியத்தைச் செய்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம். செய்வதானால் மேல்வரிசை முழுவதையும் மூடும்படி அளவெடுத்துச் செய்ய வேண்டும். கடையில் வாங்கிக் கடிக்கும் மென்மையான ரப்பர் தகடு சிலருக்குக் கடிக்கும் பழக்கத்தையே அதிகப்படுத்துகிறது.

வீட்டு வைத்தியம் என்றால் இதுதான். உதடு சேரட்டும், பல் சேர வேண்டாம். நாக்கு நுனியை மேல்முன்பல்லுக்குப் பின்னால் ‘ந’ சொல்லும் இடத்தில் மெல்ல வைத்தால் பல் தானாக விலகும். ஒவ்வொரு தட்டு நண்டு முடிந்ததும் ஒருமுறை பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், நான் பார்த்தவரை அதிகம் பலன் கொடுத்தது இதுதான். காலையும் இரவும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்தில் பதினைந்து நிமிடம் ஒத்தடம். பிறகு நாக்கு நுனியை மேலண்ணத்திலிருந்து எடுக்காமல், கண்ணாடியைப் பார்த்து வாயை நேராகத் திறந்து மூடுங்கள். அப்படித் திறக்கும்போது சுழற்சி மட்டுமே நடக்கும், ‘டக்’ வராது. ஐந்தாறு முறை, ஒரு நாளில் சில தடவை போதும். சத்தம் வருகிறதா என்று சோதிப்பதற்காக வாயை அகலத் திறந்து பார்ப்பதை விட்டுவிடுங்கள். இதைச் செய்யாதவர் இல்லை, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு மாதம் பனங்கிழங்கு, கரும்பு, கடலைமிட்டாய், கெட்டிக் கருவாடு, இழுபடும் தொதல் எதுவும் வேண்டாம். இட்லி, புட்டு, கஞ்சி, குழைந்த சோறும் மீனும் போதும். பப்பிள்கம் கூடவே கூடாது. வலி அதிகமான நாட்களில் இப்யூப்ரோஃபன் வகை மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் சில நாள் சாப்பிடலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் கேட்காமல் சாப்பிடாதீர்கள். சுளுக்கு எடுப்பவர் கன்னத்துத் தசையை மேலாக இதமாக நீவிவிட்டால் தவறில்லை. தாடையைப் பிடித்துத் திருப்பவோ சொடுக்கவோ விடாதீர்கள்.

ஆறு வாரத்தில் வலி பாதியாவது குறையவில்லை என்றால், அல்லது இடையில் சத்தம் நின்று வாய் சுருங்கிவிட்டால், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து மதுரைக்கு முகத்தாடை அறுவை நிபுணரிடம் அனுப்புவார்கள். போகும்போது மூன்று விஷயத்தை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை விரல் போகிறது, எந்த நேரத்தில் வலி அதிகம், கன்னத்தில் வலிக்கிறதா காதுக்கு முன்னால் ஒரு புள்ளியில் வலிக்கிறதா. வலி ஒரே புள்ளியில் இருந்தால் மூட்டே அழற்சி கண்டிருக்கலாம், அப்போது நான் தசை என்று சொன்னது மாறும். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும் தெரியும், வட்டு தெரியாது. எம்ஆர்ஐயில் வட்டு தெரியும், ஆனால் சிகிச்சை மாறப்போகிறது என்றால்தான் அதற்குச் செலவழிப்பதில் அர்த்தம். எடுக்கச் சொன்னால், படத்தில் வட்டு நழுவியிருந்தால் என்ன செய்வீர்கள், நழுவாமல் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.